தரம் 6இல் சேர்ந்த மகள் வகுப்பில் தனித்திருக்கிறாள்: என்ன செய்யலாம்?

கேள்வி: தலவாக்கலைக்கு அருகிலுள்ள தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிறேன். என் மகள் புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்து, இவ்வாண்டு நகரப் பாடசாலையொன்றில் தரம் 6இல் சேர்ந்தாள். நான்கு மாதங்களாகியும் அவளுக்கு அங்கே கூட்டாளிகள் எவருமில்லை. “என்னைய யாரும் சேத்துக்கிறாங்க இல்லம்மா” என்கிறாள். கொடுத்தனுப்பும் ரொட்டியையும் சம்பலையும் பல நாட்களில் அப்படியே திருப்பிக் கொண்டுவருகிறாள். வகுப்பாசிரியையிடம் போய்ப் பேசுவதா, பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொல்லி ஏதேனும் வாங்கி அனுப்புவதா, மறுபடியும் தோட்டப் பாடசாலைக்கே மாற்றிவிடுவதா என்று தெரியவில்லை.

பதில்: அம்மா, உங்கள் மகள் தன் மனக்குறையை உங்களிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறாள். இந்த வயதில் பல பிள்ளைகள் அதைச் சொல்வதில்லை. திரும்பி வரும் சாப்பாட்டுப் பெட்டியைப் பார்த்துத்தான் தாய்மார் ஊகிக்க வேண்டியிருக்கும். அவள் உங்களிடம் பேசுகிறாள் என்பது நல்ல தொடக்கம்.

பிள்ளைகளின் நட்பை ஆராய்ந்தவர்கள் இரண்டு விடயங்களைப் பிரித்துப் பார்க்கிறார்கள். வகுப்பிலுள்ள சகபாடிகள் பொதுவாக ஒரு பிள்ளையை எவ்வளவு விரும்பிச் சேர்த்துக்கொள்கிறார்கள் என்பது ஒன்று. அந்தப் பிள்ளை யாரைக் கூட்டாளி என்று நினைக்கிறதோ, அவரும் இந்தப் பிள்ளையைக் கூட்டாளியாக நினைக்கிறாரா என்பது மற்றொன்று. 1993இல் ஜெப்ரி பார்க்கரும் ஸ்டீவன் ஆஷரும் அமெரிக்க ஆரம்பப் பாடசாலை மாணவரிடையே செய்த ஆய்வில், வகுப்பில் அதிகம் விரும்பப்படாத பிள்ளைகள் பலருக்கும்கூட நெருங்கிய கூட்டாளி ஒருவர் இருந்தது தெரியவந்தது. அப்படி ஒருவர்கூட இல்லாத பிள்ளைகள், வகுப்பில் அவர்களுடைய நிலை எதுவாயினும், கூடுதலான தனிமையை உணர்ந்தார்கள். எனவே வகுப்பு முழுவதும் உங்கள் மகளைக் கொண்டாட வேண்டும் என்று எதிர்பார்க்கத் தேவையில்லை. அவளுக்கு ஒரு கூட்டாளி கிடைத்தால் பாடசாலை நாள் வேறு விதமாகிவிடும். நம்முடைய முயற்சி முழுவதும் அந்த ஒருவரைத் தேடுவதில் இருக்கட்டும்.

அதற்கு முன்னர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: மற்றப் பிள்ளைகள் அவளை வேண்டாமென்று ஒதுக்குகிறார்களா, அல்லது அவள் அங்கிருப்பதையே கவனிக்காமல் இருக்கிறார்களா? ஜோன் கோய், கெனெத் டொட்ஜ் ஆகியோர் மற்றொருவருடன் சேர்ந்து 1982இல் வெளியிட்ட ஆய்வு, வகுப்பில் யாரைப் பிடிக்கும், யாரைப் பிடிக்காது என்று பிள்ளைகளிடமே கேட்டு, இவ்விரு நிலைகளையும் தெளிவாக வேறுபடுத்தியது. ஒதுக்கப்படும் பிள்ளையைப் பலர் ‘பிடிக்காது’ என்று சொல்வார்கள். கவனிக்கப்படாத பிள்ளையின் பெயரை, பிடிக்கும் என்றோ பிடிக்காது என்றோ, அநேகமாக எவரும் சொல்லமாட்டார்கள். ஒதுக்கப்படும் நிலை வருடக்கணக்கில் தொடரக்கூடியது. அதற்குப் பாடசாலையின் நேரடித் தலையீடு வேண்டும். கவனிக்கப்படாத நிலையோ, சூழல் சிறிது மாறினாலே மாறிவிடக்கூடியது. நீங்கள் எழுதியிருப்பதில் ஏச்சும் அடியும் இல்லை. ஆகையால் உங்கள் மகள் பெரும்பாலும் இரண்டாவது வகையினள் என்றே கருதுகிறேன். ஆயினும் அதை உறுதிப்படுத்த வேண்டியவர் வகுப்பாசிரியை.

தரம் 6இல் இது நிகழ்வதற்கு ஒரு காரணம் உண்டு. அதை மகளுக்கும் விளக்கிச் சொல்லுங்கள். ஆரம்பப் பிரிவையும் கொண்ட நகரப் பாடசாலைகளில், பிள்ளைகள் பலர் தரம் 1 தொடக்கம் ஒன்றாகப் படித்தவர்கள். அவர்களுடைய வீடுகளும் டவுனிலேயே பக்கம் பக்கமாக இருக்கும். யார் யாருக்குப் பக்கத்தில் இருப்பது, இடைவேளையில் யார் யாரோடு போவது என்பதெல்லாம் ஐந்து வருடங்களில் பழகிப்போனவை. புலமைப்பரிசிலில் சித்தியடைந்து வரும் தோட்டத்துப் பிள்ளை, இவ்வாறு ஏற்கெனவே அமைந்துவிட்ட கூட்டங்களுக்கு நடுவே தனியாக நுழைகிறாள். அத்தோடு, பாடசாலை விட்டதும் மற்றவர்கள் டியூஷனுக்குச் சேர்ந்து போகையில், அவள் பஸ்ஸைத் தவறவிடக்கூடாதென்று ஓடவேண்டியிருக்கிறது. நட்பு வளர்வது பெரும்பாலும் பாடத்துக்கு வெளியே கிடைக்கும் அவசரமில்லாத நேரத்தில்தான். அந்த நேரம் தூரத்துத் தோட்டத்திலிருந்து வரும் பிள்ளைக்கு மிகக் குறைவாகவே கிடைக்கிறது. அவளிடம் குறையேதும் இருப்பதாக அவள் எண்ண வேண்டாம்.

ஒரு கூட்டத்தில் எப்படிச் சேர்வது என்பதைச் சொல்லிக்கொடுக்க முடியும். மழை விடாத ஒரு நாள் இடைவேளையில், பாடசாலை விறாந்தையில் நான்கு பிள்ளைகள் அஞ்சாங்கல் ஆடிக்கொண்டிருந்ததை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு பிள்ளை வந்தவுடனேயே, “எங்க தோட்டத்துல இப்படி ஆடமாட்டோம், நான் காட்டுறேன்” என்றாள். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மற்றொரு பிள்ளை அருகில் குந்தி, இரண்டு ஆட்டங்கள் முடியும்வரை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கல் உருண்டு அவள் காலடிக்கு வந்தபோது எடுத்துக் கொடுத்து, “உனக்கு இது மூணாவது தடவை” என்று மட்டும் சொன்னாள். எண்ணிக்கை சரியாக இருந்தது. அடுத்த ஆட்டத்திற்கு அவர்கள் சற்று நகர்ந்து அவளுக்கு இடம் கொடுத்தார்கள். மார்த்தா புட்டலாஸும் ஜோன் கொட்மனும் 1981இல் வெளியிட்ட ஆய்வு இதையே காட்டியது: தன்னைப் பற்றிப் பேசியோ மறுத்துப் பேசியோ கவனத்தைத் தன் பக்கம் திருப்ப முயலும் பிள்ளைகளை ஏனையோர் சேர்த்துக்கொள்வது குறைவு, நடந்துகொண்டிருக்கும் விளையாட்டோடு பொருந்திப் பேசுகிறவர்களுக்கு இடம் கிடைக்கிறது. முதல் பிள்ளையிடம் திறமை இல்லாமலில்லை. அவள் சற்றுப் பொறுத்திருந்தால் போதுமாயிருந்தது. இதை வீட்டில் அண்ணன் தம்பியோடோ பக்கத்து லயன் பிள்ளைகளோடோ விளையாட்டாகவே உங்கள் மகள் பழகிப் பார்க்கலாம். நன்றாகப் பழகிய பிள்ளைகளையும் சில வேளைகளில் கூட்டங்கள் சேர்த்துக்கொள்வதில்லை என்பதையும் சொல்லி வையுங்கள். அப்போதுதான் முதல் முயற்சி பலிக்காவிட்டால் மனம் ஒடியமாட்டாள்.

அடுத்து, அந்த ஒருவர் யாராக இருக்கலாம் என்று இருவரும் சேர்ந்து யோசியுங்கள். அதே பஸ்ஸில் வருகிற, அல்லது அடுத்த சந்தியில் இறங்குகிற பிள்ளை யாராவது இருக்கிறாளா? அவளைப் போலவே வேறு தோட்டமொன்றிலிருந்து புதிதாக வந்து தனித்திருக்கும் பிள்ளை இருக்கிறாளா? கூட்டமாக இருப்பவர்களைக் காட்டிலும் தனியே இருக்கும் ஒருவரை அணுகுவது எளிது. பழக்கம் சிறிது ஏற்பட்டதும், அவளுடைய தாயுடன் தொலைபேசியில் ஒரு வார்த்தை பேசி, ஒரு விடுமுறை நாளிலோ கோயில் திருவிழாவின்போதோ பிள்ளையை உங்கள் வீட்டிற்கு அழையுங்கள். லயன் அறைக்கு எப்படி அழைப்பது என்று தயங்கும் தாய்மாரை நான் அறிவேன். அந்தக் கூச்சத்தைப் பெரியவர்கள் காட்டாமலிருந்தால் பிள்ளைகளுக்கும் அது வருவதில்லை. வந்த பிள்ளைக்குக் காமன் கூத்தையோ கோயில் தப்பையோ பார்க்கக் கிடைத்தால், அது டவுனில் கிடைக்காத அனுபவம்.

பிள்ளைகளுக்குப் பண்டங்கள் வாங்கி அனுப்ப வேண்டாம். பண்டம் இருக்கும்வரை சுற்றி நிற்பார்கள்; அது தீர்ந்த நாளில் உங்கள் மகள் முன்னிலும் அதிகமாக நோவாள். ரொட்டியைப் பொறுத்தமட்டில், அவள் சாப்பிடாததற்கான காரணத்தை ஆறுதலாகக் கேட்டறியுங்கள். தனியே இருந்து சாப்பிடப் பிடிக்கவில்லையா, அல்லது யாராவது ரொட்டியைப் பார்த்துக் கேலி செய்தார்களா என்பதற்கிடையே பெரிய வித்தியாசமுண்டு.

கேலிதான் காரணம் என்றால், குறிப்பாகத் தோட்டத்துப் பிள்ளை என்பதற்காகவோ அவளுடைய பேச்சு வழக்குக்காகவோ இழிவாகப் பேசுகிறார்கள் என்றால், மேலே சொன்ன பயிற்சி எதுவும் அதற்கு மருந்தாகாது. அதைப் பொறுத்துக்கொள்ளும்படி பிள்ளையிடம் சொல்வது தவறு. உடனே பாடசாலைக்குச் சென்று அதிபரிடம் முறையிடுங்கள். சொன்னவர்களைத் திருத்துவது பாடசாலையின் கடமை.

கேலி இல்லையென்றாலும் வகுப்பாசிரியையை ஒருமுறை சந்திப்பது நல்லது. ஆனால் பிள்ளைகள் முன்னிலையில் பேச வேண்டாம்; “இவளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்” என்று வகுப்பில் அறிவிக்க வேண்டாமென்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அப்படி அறிவித்தபின் தலைகுனிந்து இருந்த பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். ஆசிரியை ஓசையின்றிச் செய்யக்கூடியவை பல உள்ளன. யார் பக்கத்தில் இருக்க விரும்புகிறாய் என்று ஒவ்வொரு பிள்ளையும் மூன்று பெயர்களைத் தாளில் எழுதித் தரும்படி செய்து, எவருக்கும் காட்டாமல் வைத்துக்கொண்டு, உங்கள் மகளின் பெயரை யாராவது எழுதியிருந்தால் அந்தப் பிள்ளையின் அருகே, இல்லையென்றால் அவள் எழுதிய ஒரு பிள்ளையின் அருகே அவளை இருத்தலாம். அமெரிக்காவின் ஒஸ்டின் நகரில் கறுப்பினப் பிள்ளைகளும் வெள்ளையினப் பிள்ளைகளும் முதன்முறையாக ஒரே வகுப்பில் சேர்ந்தபோது, 1971இல் உளவியலாளர் எலியட் ஆரன்சன் கையாண்ட குழுமுறையும் இங்கே பயன்படும். வரலாற்றுப் பாடமொன்றை ஐந்து பகுதிகளாகப் பிரித்து, ஐந்து பேர் கொண்ட குழுவில் ஆளுக்கொரு பகுதியைக் கொடுத்தால், ஒவ்வொருவரும் மற்ற நால்வருக்கும் தன் பகுதியைச் சொல்லிக்கொடுத்தே ஆகவேண்டும். வாய் திறக்காத பிள்ளையின் பேச்சுக்கு அப்போது நான்கு பேர் காது கொடுப்பார்கள். புலமைப்பரிசிலில் சித்தியடைந்த பிள்ளைக்கு இது மிகவும் ஏற்ற வழி.

காலையில் வயிற்றுவலி என்று அடிக்கடி பாடசாலைக்குப் போக மறுப்பது, தூக்கம் கெடுவது, முன்பு விரும்பியவற்றில் மனம் ஈடுபடாமை ஆகியவை தென்பட்டால் பாடசாலையின் வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியரையும் வைத்தியரையும் நாடுங்கள். உயிரோடிருக்கப் பிடிக்கவில்லை என்பது போன்ற சொல் வாயில் வந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். அடி, மிரட்டல், துன்புறுத்தல் இருந்தால் சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம் 1929.

பழைய பாடசாலைக்கே மாற்றுவதைப் பற்றி இப்போது முடிவெடுக்க வேண்டாம். மேற்சொன்னவற்றைச் செய்து பார்க்க இன்னும் ஒரு முழுத் தவணை கொடுங்கள். அதன்பின் மகளின் விருப்பத்தையும் கேட்டு முடிவு செய்யலாம். அதுவரை தோட்டப் பாடசாலையில் அவளோடு படித்த கூட்டாளியை விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புதுப் பாடசாலையில் பழகட்டும் என்று பழைய கூட்டாளியிடமிருந்து பிரித்து வைக்கும் பெற்றோர் இருக்கிறார்கள், அது வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளையோடு லயத்து முற்றத்தில் விளையாடிவிட்டு, திங்கட்கிழமை பஸ் ஏறட்டும்.