பாப்பா ‘ஐ.நா. வேலை’ என்கிறாள்: சேலம் செவ்வாய்ப்பேட்டை அப்பா ஒருவருக்குப் பதில்

வணக்கம் ஐயா,

மகள் பி.இ. சிவில் மூன்றாம் ஆண்டு. கேம்பஸ் இன்டர்வியூவுக்குப் பெயர் கொடுக்க மாட்டேன், பஞ்சமும் சண்டையும் இருக்கிற நாடுகளில் தண்ணீர், மண் வேலை பார்க்கப் போகிறேன் என்கிறாள். வீட்டில் பேச்சுவார்த்தை நின்று இரண்டு வாரம் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வேலை கிடைக்குமா, கல்யாணம் என்னாவது, உயிருக்குப் பாதுகாப்பா என்று மூன்று கேள்வி. கடைசியில் கேட்டதுதான் மனசில் முதலில் நிற்கிறது என்று தெரிகிறது. அதற்கு வருகிறேன், ஆனால் அந்த வேலை என்ன என்று தெரியாமல் அதன் ஆபத்தை எடைபோட முடியாது.

உங்கள் கொலுசுப் பட்டறையில் ‘வெள்ளியில் ஆர்வம் உண்டு’ என்று வருகிறவனுக்கு வேலை கொடுப்பீர்களா? கம்பி இழுக்கத் தெரியுமா, பத்தவைக்கத் தெரியுமா, மெருகு போடத் தெரியுமா என்றுதானே கேட்பீர்கள். நிவாரண, வளர்ச்சி வேலையும் அப்படித்தான். குடிநீர்-சுகாதாரப் பொறியாளர், மண்-நீர்ப் பாதுகாப்பு, சத்துணவு, கணக்கு, சரக்குப் போக்குவரத்து, தகவல் சேகரிப்பு என்று ஆள் எடுக்கிறார்கள். ‘சமூக சேவை’ என்ற பெயரில் பதவி கிடையாது. சிவில் படிப்பு இதில் நல்ல வாசல். அதை விட்டுவிட்டு வேறு படிக்கிறேன் என்றால் மட்டும் தடுங்கள்.

ஒரு சின்னக் கணக்கு காட்டுகிறேன். சண்டைக்குத் தப்பி 2,000 பேர் ஒரு மைதானத்தில் வந்து இறங்குகிறார்கள். ‘ஸ்ஃபியர்’ என்ற கையேடுதான் உலகம் முழுக்க இதற்கு அளவுகோல். ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் என்றால் 30,000 லிட்டர். 250 பேருக்கு ஒரு குழாய், எனவே 8 குழாய். நிமிடத்துக்கு 7.5 லிட்டர் வந்தால் 250 பேருக்கு வேண்டிய 3,750 லிட்டர் நிரம்ப 500 நிமிடம், அதாவது எட்டு மணி நேரத்துக்கும் மேல். வரத்து பாதியானால் பதினாறு மணி நேரத்துக்கும் மேல். ராத்திரியிலும் குடத்தோடு வரிசை. 20 பேருக்கு ஒரு கழிப்பறை என்றால் 100. குடியிருப்பிலிருந்து 50 மீட்டருக்குள் இருக்க வேண்டும். குழாயில் வரும் தண்ணீரில் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம்.

கணக்கு சரியாக இருந்தும் வேலை கெடும். எட்டுக் குழாயையும் லாரி வந்து நிற்க வசதியாக ஒரே பக்கம் வைத்தால், அந்தப் பக்கம் இருக்கிற இனக்குழு தண்ணீருக்குச் சொந்தக்காரராகிவிடுகிறது. கழிப்பறைக்கு விளக்கும் உள்தாழ்ப்பாளும் இல்லையென்றால் பெண்கள் சாயங்காலத்துக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுவார்கள். ‘எல்லோரையும் உள்ளடக்கிய வளர்ச்சி’ என்று அறிக்கையில் எழுதுவது தரையில் இந்தத் தாழ்ப்பாள்தான்.

இதைக் கற்க ஆப்பிரிக்கா போக வேண்டாம். சேர்வராயன் மலையும் கருமந்துறைப் பக்கத்துக் கல்வராயன் சரிவும் போதும். அங்குள்ள மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர் ஒன்றில், அவர்கள் சம்மதத்தோடு, ஏ-சட்டம் வைத்துச் சமமட்டக் கோடு, அதாவது சரிவில் ஒரே உயரத்தில் போகும் கோடு, போடப் பழகச் சொல்லுங்கள். ஆள் உயரக் கம்பு இரண்டு, குறுக்குக் கம்பு ஒன்று, உச்சியிலிருந்து கயிற்றில் தொங்கும் கல் ஒன்று. செலவு கிட்டத்தட்ட இல்லை. கயிறு குறுக்குக் கம்பைத் தொடும் இடத்தில் ஒரு கோடு. கால்களை இடம் மாற்றி வைத்து இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுதான் மட்டம். இந்த இரண்டாவது கோட்டைப் போடாமல் விடுவதுதான் வழக்கமான தப்பு. அந்தக் கோட்டின் மேல் போடும் வரப்பு ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்தாலும் மழைத்தண்ணீர் முழுக்க அங்கே சேர்ந்து, உடைத்து, வாய்க்கால் போல மண்ணை அரித்துக்கொண்டு போகும்.

ஊர்க் கூட்டம் எப்போது போடுகிறாள் என்பதையும் பாருங்கள். நவம்பரிலிருந்து ஜனவரி வரை காப்பிப் பழம் பறிக்கும் காலம். அப்போது பகலில் கூட்டம் வைத்தால் எஸ்டேட் வேலைக்குப் போன பெண்கள் ஒருவரும் இருக்க மாட்டார்கள். கிணறு வைத்திருப்பவர் சொல்லும் இடத்தில் குட்டை வெட்டப்படும்.

இங்கே கற்றதை அப்படியே அங்கே கொண்டுபோய் ஒட்டவும் முடியாது. ஆப்பிரிக்காவில் சஹாராவுக்குத் தெற்கே உள்ள சஹேல் பகுதியில் மழை குறைவு, மண் மேலே ஓடு போல இறுகிக் கிடக்கும். புர்கினா ஃபாசோவில் யாகூபா சவாடோகோ என்ற விவசாயி ‘சாய்’ என்கிற பழைய குழி முறையைச் செம்மைப்படுத்தி அந்த நிலத்தில் சோளமும் கம்பும் விளைவித்தார். 2018-இல் ‘ரைட் லைவ்லிஹுட்’ விருது பெற்றார். 20 முதல் 40 செ.மீ. அகலம், 10 முதல் 20 செ.மீ. ஆழம், உள்ளே மக்கிய எரு. கோடையிலேயே வெட்டி வைக்க வேண்டும். எரு போடாத குழி வெறும் பள்ளம். மணல் நிலத்தில் வெட்டினால் தூர்ந்துவிடும். அதே முறையை ஏற்காட்டு மழையில் செய்தால் குழி நீர் கட்டிப் பயிர் அழுகும். எங்கே எது செல்லாது என்று சொல்லத் தெரிந்தவருக்குத்தான் அங்கே மதிப்பு.

இனி வழி. படிப்பு முடியும் வரை வரைபடம் போடும் கியூஜிஐஎஸ், களத்தில் தகவல் சேகரிக்கும் கோபோ டூல்பாக்ஸ் என்ற மென்பொருள் இரண்டையும் பழகட்டும், இரண்டுமே இலவசம். சேலம் மாவட்டத்திலேயே இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. முகாம் வாழ்க்கை என்றால் என்ன என்பதை முறையான அனுமதியோடு அங்கே பார்க்கலாம். பட்டம் வாங்கியதும் இரண்டு வருடம் களம். எஸ்.பி.ஐ. யூத் ஃபார் இந்தியா 13 மாதக் கிராமப் பணி; ‘பிரதான்’ போன்ற கிராம வளர்ச்சித் தொண்டு அமைப்புகள் ஜார்க்கண்ட், சத்தீஸ்கரில் வேலை செய்கின்றன, அங்கே இந்தி இல்லாமல் ஒரு நாள் ஓட்ட முடியாது. அதன் பிறகு முதுகலை: காந்திகிராமம் கிராமியப் பல்கலைக்கழகம், மும்பை டிஸ் (டாடா சமூக அறிவியல் நிறுவனம்), பெங்களூரு அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் எல்லாமே நல்ல இடம். களம் பார்க்காமல் நேரே முதுகலை போகிறவர்கள் கட்டுரை நன்றாக எழுதுவார்கள், குழாய் வைக்கத் தடுமாறுவார்கள்.

ஐ.நா.வில் சர்வதேச அலுவலர் வேலைக்கு ஆரம்பப் படியான பி-2-வுக்கே பொதுவாக முதுகலையும் இரண்டு வருட அனுபவமும் கேட்பார்கள். ஐ.நா. தன்னார்வலர் திட்டத்தில் 18 முதல் 26 வயதுக்குத் தனிப் பிரிவு உண்டு. நைஜர், மாலி பக்கம் என்றால் பிரெஞ்சு வேண்டும். சென்னை அலியான்ஸ் ஃபிரான்சேஸில் இன்று சேர்ந்தாலும் வேலை செய்யும் அளவுக்கு வர இரண்டு வருடமாவது ஆகும். அங்கேயும் பெரும்பாலான வேலை அந்த நாட்டுக்காரர்களுக்கே போகும், அதுதான் நியாயமும். வெளியூர் ஆளை எடுப்பது அங்கே கிடைக்காத கைத்திறனுக்காக மட்டும்.

பணம் கேட்டு வரும் கடிதம் எதுவானாலும் மோசடி. விண்ணப்பம், நேர்காணல், பயிற்சி என்று எந்தக் கட்டத்திலும் ஐ.நா. கட்டணம் வாங்குவதில்லை. ‘சூடான் போஸ்டிங், மெடிக்கலுக்கு நாற்பதாயிரம்’ என்று வாட்ஸ்அப்பில் வந்தால் சைபர் கிரைம் எண் 1930-க்குக் கூப்பிடுங்கள்.

பாதுகாப்பு விஷயத்தில், ஆபத்தே இல்லை என்று சொன்னால் பொய். நிவாரணப் பணியாளர்கள் கடத்தப்படுகிறார்கள், கொல்லப்படுகிறார்கள். ஐ.நா. ஊழியர்களுக்கு ‘பிசேஃப்’ என்ற இணையப் பயிற்சி கட்டாயம். ஆபத்தான இடங்களுக்கு ‘சேஃப்’ என்ற நேரடிப் பயிற்சியும் உண்டு. சிறிய தொண்டு நிறுவனங்களில் இதெல்லாம் இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம். வேலை உத்தரவு வரும்போது நான்கு விஷயம் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள்: போர்ச் சூழலையும் சேர்த்துக் காப்பீடு உண்டா, காயம்பட்டால் எந்த ஊர் மருத்துவமனைக்கு யார் செலவில் கொண்டுபோவார்கள், வெளியே போகும் வண்டியில் ரேடியோ இருக்கிறதா, பயமாக இருக்கிறது என்று ஒரு பயணத்தை மறுத்தால் வேலை போகுமா. நான்காவதுக்கு மழுப்பிப் பதில் சொல்லும் இடத்தில் சேர வேண்டாம்.

கல்யாணத்துக்கு என்னிடம் பதில் இல்லை ஐயா. ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: கடுமையான இடங்களில் குடும்பத்தைக் கூட அழைத்துப்போக முடியாது, சில வாரங்களுக்கு ஒருமுறை ஓய்வு விடுப்பு தருவார்கள். ஆனால் அந்தக் கட்டத்துக்கு வர இன்னும் ஐந்தாறு வருடம் இருக்கிறது. இப்போதைக்கு அவள் கேட்பது கருமந்துறைக்கு ஒரு பஸ் டிக்கெட்தான். முதல் தடவை நீங்களும் கூடப் போய் வாருங்கள். ஏ-சட்டத்தின் இரண்டாவது கோட்டைப் போடும்போது கம்பைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும்.