கௌதமருக்கு முன்னும் புத்தர்கள் இருந்தார்கள் என்பது பிற்காலத்தில் சேர்த்த கதையா?

இதைக் கேட்டவரிடமும் யாரோ "புத்தர் ஒருத்தர்தானே" என்று அடித்துச் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். எனக்கும் அது நடந்தது.

சில வருடங்களுக்கு முன் குடும்பத்தோடு சுற்றுலாப் பேருந்தில் மத்தியப் பிரதேசத்து சாஞ்சி போனோம். பெரிய தூபியின் வடக்குத் தோரண வாயிலில் குறுக்குக் கல் ஒன்றில் ஏழு மரங்களை வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். அடியில் வெறும் ஆசனம், பக்கத்தில் கும்பிடுகிறவர்கள். புத்தர் உருவமே கிடையாது. "ஏழு மரம்னா ஏழு புத்தர்" என்றேன். "அரசமரம் ஒண்ணுதானே மாமா?" என்று மைத்துனர் மகன் சிரித்தான். பேருந்தில் ஏறியும் சிரிப்பு ஓயவில்லை. இன்றைக்கும் உறுத்துகிறது.

புத்தரின் பேச்சுகளைத் தொகுத்த பாலி நூலான தீகநிகாயத்தில் மகாபதான சுத்தம் (சூத்திரம்) ஏழு பேரையும் சொல்கிறது: விபஸ்ஸி, சிகி, வெஸ்ஸபூ, ககுசந்தர், கோணாகமனர், கஸ்ஸபர், கோதமர் (நம் கௌதமர்தான்). ஆளுக்கொரு மரம் உண்டு, அதன் அடியில்தான் ஞானம் பெற்றார்கள். விபஸ்ஸிக்குப் பாதிரி (திருப்பாதிரிப்புலியூருக்குப் பெயர் தந்த அதே பாதிரி), ககுசந்தருக்கு வாகை, கோணாகமனருக்கு அத்தி, கஸ்ஸபருக்கு ஆல், கோதமருக்குத்தான் அரசு. விபஸ்ஸி காலத்தில் மனித ஆயுள் 80,000 வருடம், கஸ்ஸபர் காலத்தில் 20,000, கோதமர் காலத்தில் 100 என்று குறைந்துகொண்டே வரும். புத்தவம்சம் என்ற இன்னொரு பாலி நூல் இன்னும் பின்னால் போய், தீபங்கரர் தொடங்கி கோதமருக்கு முன் 24 பேர் என்கிறது. அந்தத் தீபங்கரர் நடந்து போகச் சேற்றில் சடையை விரித்துப் படுத்த சுமேதன்தான் பல பிறவி கழித்துக் கோதமராகப் பிறந்தவர்.

இவர்கள் எல்லாம் நிஜமாக வாழ்ந்தவர்கள் என்று நான் வாதாடவில்லை. உடனே சண்டைக்கு வராதீர்கள். நம்பிக்கை பழையது என்றுதான் சொல்கிறேன். நேபாளத்து நிகாலி சாகர் தூணில் அசோகரே, முடிசூடி 14 ஆண்டு ஆனபோது கோணாகமனர் தூபியை இரண்டு மடங்காகப் பெரிதாக்கியதாக வெட்டிவைத்திருக்கிறார். அதாவது கி.மு. 3ஆம் நூற்றாண்டிலேயே கோணாகமனருக்கு ஒரு தூபி இருந்திருக்கிறது, அதுவும் பெரிதாக்க வேண்டிய அளவுக்குப் பழையதாக. பர்ஹூத் என்ற இன்னொரு பழைய தூபியின் கற்களில் மரத்தோடு அந்தந்தப் புத்தரின் பெயரும் உண்டு. கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

அப்புறம் ஒன்று. எங்களை அழைத்துப்போன சுற்றுலாக்காரர் சாஞ்சிக்குக் கொடுத்தது முக்கால் மணி நேரம். வழியில் ஒரு புடவைக் கடைக்கு இரண்டு மணி நேரம். அந்த ஏழில் அரச இலையின் நீண்ட நுனியை மட்டும் கண்டுபிடித்தேன். வாகை எது, அத்தி எது என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோதே விசில் ஊதிவிட்டார்கள்.