கடன் எடுத்துத் தருகிறேன் என்பவர் யாருடைய ஆள்?

வங்கியின் கடன் பிரிவில் 22 வருஷம் உட்கார்ந்து எழுந்தவன் நான். அதனால் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் யார் வீடு வாங்கக் கிளம்பினாலும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்பது வழக்கமாகிவிட்டது. சிலர் கேட்டுவிட்டுப் போகிறார்கள். பலர் போய் மாட்டிக்கொண்டு வந்து கேட்கிறார்கள். இந்த முறை வந்த கேள்விகளில் பாதி, தரகர்களைப் பற்றியவை.

"ஐயா, ஆலையில் வேலை, சம்பளம் 2,200 வெள்ளி (ரிங்கிட்). மோட்டார் சைக்கிளுக்கு மாதம் 280 கட்டுகிறேன். 250,000 வெள்ளிக்கு ஒரு வீடு பார்த்திருக்கிறேன். ஒருவர் 3,500 வெள்ளி கொடுத்தால் கடனை நிச்சயமாக எடுத்துத் தருகிறேன் என்கிறார். சம்பளச் சீட்டையும் அவரே 'சரி' பண்ணித் தருவாராம். நம்பலாமா?"

வேண்டாம் தம்பி. பணமும் கொடுக்க வேண்டாம், சீட்டையும் கொடுக்க வேண்டாம்.

வீட்டுக் கடன் விண்ணப்பத்தை வாங்கி வைப்பதற்கு எந்த வங்கியும் உங்களிடம் காசு கேட்காது. வங்கி ஊழியரானாலும் வங்கி அமர்த்திய விற்பனை முகவரானாலும், அவருக்குக் கமிஷன் கொடுப்பது வங்கிதான். ஆகவே கடன் கிடைப்பதற்கு முன்பே உங்கள் கையிலிருந்து பணம் கேட்பவர் வங்கியின் ஆள் இல்லை, உங்கள் ஆளும் இல்லை. "உள்ளே ஆள் இருக்கிறது" என்பார். கடன் பிரிவில் இருந்தவன் சொல்கிறேன்: விண்ணப்பம் வாங்குகிறவர் ஒருவர், முடிவு எடுக்கிறவர் வேறொருவர். காசு வாங்கிக்கொண்டு நிச்சயம் தருகிறேன் என்று சொல்ல யாராலும் முடியாது.

இப்போது சம்பளச் சீட்டுக்கு வருவோம். ஒருநாள் என் மேசைக்கு ஒரு விண்ணப்பம் வந்தது. சீட்டில் அடிப்படைச் சம்பளம் 3,800. கம்பெனி முத்திரை, கையெழுத்து எல்லாம் பளிச்சென்று இருந்தன. கூடவே இபிஎஃப் என்ற தொழிலாளர் சேமநிதியின் அறிக்கை. அதில் தொழிலாளியின் பங்கு மாதம் 242 வெள்ளி. தொழிலாளியின் பங்கு 11 விழுக்காடு, 3,800-க்கு 418 வந்திருக்க வேண்டும். 242 என்றால் சம்பளம் 2,200. இதைக் கண்டுபிடிக்க எனக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. சீட்டு தயாரித்தவர் அதற்குள் காசை வாங்கிக்கொண்டு போய்விட்டார். விண்ணப்பத்தில் இருந்த பெயர் அந்தப் பையனுடையது. பொய் ஆவணம் கொடுத்தவன் என்று காவல் நிலையத்தில் நிற்க வேண்டியவனும் அவன்தான்.

உங்கள் கணக்கையே போட்டுப் பாருங்கள். பிடித்தம் போகக் கைக்கு வருவது ஏறக்குறைய 1,940. 250,000 வீட்டுக்கு 90 விழுக்காடு, அதாவது 225,000 கடன். வட்டி 4 விழுக்காடு, 35 வருஷம் என்றால் மாதம் ஏறக்குறைய 996 வெள்ளி. மோட்டார் சைக்கிளுக்கு 280 கட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் சேர்ந்தால் 1,276, கைச்சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு. சின்னச் சம்பளக்காரருக்கு இவ்வளவு தூரம் போக வங்கி யோசிக்கும். யோசிப்பதும் நியாயம்தான், மீதி 660-ல் குடும்பம் எப்படி ஓடும்? 180,000 அளவில் பழைய வீடு தேடுங்கள், தவணை 720-க்குள் வந்துவிடும். இல்லையென்றால் மனைவியின் சம்பளத்தைச் சேர்த்துக் கேளுங்கள்.

வீடு காட்டுகிற தரகர் வேறு சங்கதி. அவர் பதிவு பெற்ற முகவராகவோ அவரிடம் வேலை செய்யும், பதிவு பெற்ற பேச்சுவார்த்தையாளராகவோ இருக்க வேண்டும். 1981-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. கழுத்தில் தொங்கும் அட்டையில் எண்ணும் கியூஆர் கோடும் இருக்கும். கைப்பேசியில் ஸ்கேன் பண்ணிப் பாருங்கள், கூச்சப்படாதீர்கள். முன்பணம் அவருடைய நிறுவனக் கணக்குக்குத்தான் போக வேண்டும், அவருடைய சொந்தக் கணக்குக்கு இல்லை. பழைய வீட்டை விற்கும்போது கமிஷன் பெரும்பாலும் விற்பவர் தலையில்தான்.

"வீட்டின் விலை 250,000. ஒப்பந்தத்தில் 290,000 என்று எழுதினால் முழுக் கடனும் கிடைக்கும், கையில் கொஞ்சம் ரொக்கமும் வரும் என்கிறார்கள். எல்லாரும் செய்கிறார்களாமே?"

எல்லாரும் செய்கிறார்கள் என்பதுதான் இந்த ஊரில் எனக்குப் பிடிக்காத வாக்கியம். 290,000-க்கு 90 விழுக்காடு 261,000. விற்பவருக்கு 250,000 போக, 11,000 கையில் நிற்கும். கேட்க இனிப்பாகத்தான் இருக்கும். ஆனால் நியாயமாக வாங்கியிருந்தால் எடுக்க வேண்டிய 225,000-ஐவிட 36,000 கூடுதலாகக் கடன் வாங்கியிருக்கிறீர்கள். 35 வருஷத்தில் அந்த 36,000-க்கு மட்டும் 67,000 வெள்ளி அளவுக்குக் கட்டுவீர்கள். விலையைப் பொய்யாகக் காட்டிக் கடன் வாங்குவது வங்கியை ஏமாற்றும் குற்றம். ஏற்பாடு செய்தவர் கையெழுத்துப் போடமாட்டார், நீங்கள்தான் போடுவீர்கள். அதோடு வங்கியின் மதிப்பீட்டாளர் வந்து 250,000 என்றுதான் மதிப்புப் போட்டார் என்றால் கடனும் அதற்குத்தான். அப்போது 290,000 என்று எழுதிய ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு விற்பவரிடம் வாதாடப் போவீர்களா?

"இரண்டு வங்கியில் மறுத்துவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. சிசிரிஸ் பெயரைக் கழுவித் தருவதாக ஒருவர் 1,200 வெள்ளி கேட்கிறார்."

சிசிரிஸ் என்பது மத்திய வங்கியான பேங்க் நெகாரா வைத்திருக்கும் கடன் பதிவேடு. அது கறுப்புப் பட்டியல் இல்லை. யாருக்கும் கடன் கொடு, கொடுக்காதே என்று அது சொல்வதில்லை. நீங்கள் கட்டியதையும் கட்டாததையும் அப்படியே காட்டும், அவ்வளவுதான். உங்கள் அறிக்கையை இணையத்தில் இ-சிசிரிஸ் வழியாக இலவசமாக எடுக்கலாம். எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு கடனுக்கும் எதிரே கடந்த 12 மாதத்துக்கு ஒரு வரிசை எண்கள் இருக்கும். 0 என்றால் பாக்கி இல்லை. 1 என்றால் ஒரு மாதப் பாக்கி, 2 என்றால் இரண்டு மாதம். "0 0 1 2 1 0" என்று ஒரு வரிசையைப் பார்த்தால், கடன் அதிகாரிக்கு அது ஒரு கதை: இந்த வீட்டில் ஏதோ நடந்திருக்கிறது, பிறகு சமாளித்திருக்கிறார்கள். கடைசி ஆறு மாதம் வெறும் பூஜ்யமாக இருந்தால் பேச இடம் உண்டு. கடைசி மாதத்தில் 2 இருந்தால் கோப்பை மூடிவிடுவார்.

இந்த எண்களைப் பணம் வாங்கிக்கொண்டு யாரும் அழிக்க முடியாது. பதிவு தப்பு என்றால் அதை அனுப்பிய வங்கியே திருத்த வேண்டும், அதற்குக் கட்டணம் கிடையாது. பதிவு சரி என்றால் காலம்தான் கழுவும். பாக்கியைக் கட்டி 12 மாதம் ஒழுங்காக நடத்தினால் பழைய எண்கள் தானாக வரிசையிலிருந்து நகர்ந்துவிடும். நம் பிள்ளைகள் பலர் மறப்பது பிடிபிடிஎன் கல்விக் கடன். அதுவும் சிசிரிஸில் இருக்கிறது. பட்டம் வாங்கிப் பத்து வருஷம் ஆனாலும் அது உங்களை மறக்காது. கடன்கள் கைமீறிப் போயிருந்தால் ஏகேபிகே நிறுவனத்துக்குப் போங்கள். 2006-லிருந்து இலவசமாக ஆலோசனை தருகிறார்கள். அந்த 1,200-ஐ வைத்துப் பாக்கியைக் கட்டுங்கள்.

"கணவர் தோட்டத்தில் குத்தகைக்குப் பழம் வெட்டுகிறார். நான் காலையில் தோசைக்கடை போடுகிறேன். இருவருக்கும் சம்பளச் சீட்டு கிடையாது. எங்களுக்கெல்லாம் வீடு கிடைக்குமா?"

கிடைக்கும் அம்மா, ஆனால் ஒரு வருஷம் தயாராக வேண்டும். நிலையான சம்பளச் சீட்டு இல்லாதவர்களுக்காக அரசாங்கம் எஸ்ஜேகேபி என்ற உத்தரவாதத் திட்டம் வைத்திருக்கிறது. கடனுக்கு அரசு வங்கியிடம் ஜாமீன் நிற்கும். தவணையை மட்டும் நீங்கள்தான் கட்ட வேண்டும். வங்கிக்கு வருமானம் தெரிந்தாக வேண்டும், அதில்தான் நம்மவர்கள் கோட்டை விடுகிறார்கள். தோசை விற்ற காசு அரிசி டின்னிலிருந்து மளிகைக் கடைக்குப் போய்விடும், வங்கிக்குத் தெரியாது. கடையை நிறுவனங்கள் ஆணையமான எஸ்எஸ்எம்-மில் பதிவு செய்யுங்கள். தினமும் இல்லாவிட்டாலும் வாரத்தில் இரண்டு முறை விற்பனைப் பணத்தை ஒரே கணக்கில் போடுங்கள், செலவுக்கு அதிலிருந்தே எடுங்கள். இபிஎஃப்பில் சொந்தமாக மாதம் 50 வெள்ளியாவது போடுங்கள். கணவரின் குத்தகைக் காசு கங்காணி கையிலிருந்து ரொக்கமாக வருகிறது என்றால், கணக்குக்கு மாற்றித் தரச் சொல்லிப் பாருங்கள். ஆறு மாத வங்கி அறிக்கை தடிமனாக இருந்தால் உங்கள் பேச்சுக்கு எடை வரும்.

"10 விழுக்காடு முன்பணம் சேர்த்துவிட்டேன். போதுமா?"

போதாது. விற்பனை ஒப்பந்தத்துக்கு ஒரு வக்கீல் கட்டணம், கடன் ஒப்பந்தத்துக்கு இன்னொன்று, பழைய வீடானால் மதிப்பீட்டுக் கட்டணம், பெயர் மாற்ற முத்திரை வரி. 250,000 வீட்டுக்குப் பெயர் மாற்ற வரி மட்டும் 4,000, கடன் பத்திர வரி 1,125. முதல் வீடு, விலை 500,000-க்கு மேல் போகவில்லை என்றால் இந்த இரண்டு வரிக்கும் 2027 இறுதிவரை விலக்கு உண்டு. வக்கீலிடம் அதைக் கேட்டு எழுதி வாங்குங்கள். முன்பணம் குறைந்தால் இபிஎஃப்பின் செஜாத்ரா கணக்கிலிருந்து எடுக்கலாம். அதற்கு ஒப்பந்தமும் கடன் கடிதமும் காட்ட வேண்டியிருக்கும், ஆகவே ஆரம்பத்தில் கொடுக்கும் பணம் உங்கள் பையிலிருந்துதான் வரணும்.

"30 வருஷமா, 35 வருஷமா?"

மேலே சொன்ன 225,000 கடனுக்கு 35 வருஷத்தில் மாதம் 996, 30 வருஷத்தில் 1,074. மாதம் 78 வெள்ளி கூடக் கட்டினால் மொத்தத்தில் 31,700 வெள்ளி மிச்சம். முடிந்தால் 30. முடியாவிட்டால் 35 எடுத்துவிட்டு, தீபாவளி போனஸ் வரும்போது அசலில் கொஞ்சம் போடுங்கள். அப்படிப் போட அனுமதி உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். ஆமாம், முன்கூட்டியே முழுதும் அடைத்தால் முதல் மூன்று முதல் ஐந்து வருஷத்துக்குள் அபராதம் போடும் கடன்களும் உண்டு. கடிதத்தின் நடுப்பக்கத்தில் அந்த வரி ஒளிந்திருக்கும்.

"அண்ணனும் நானும் சேர்ந்து கடன் எடுக்கலாமா? அவர் கட்டுவதாகச் சொல்கிறார்."

இதில் எனக்கு ஒரு வடு உண்டு. என் சொந்தத்தில் ஒருவருக்காக நானும் சேர்ந்து கையெழுத்துப் போட்டேன். மூன்று வருஷம் ஒழுங்காகக் கட்டினார். பிறகு வேலை போனது. வங்கி என்னிடம் பாதியைக் கேட்கவில்லை, முழுதையும் கேட்டது. சட்டம் அப்படித்தான். நான் குடியிருக்காத வீட்டுக்கு 14 மாதம் கட்டினேன். இன்றுவரை அந்த வீட்டுப் பொங்கலுக்கு நான் போனதில்லை. இன்னொன்று, பெயர் ஒரு வீட்டில் ஏறிவிட்டால் நாளைக்கு நீங்கள் உங்களுக்கென்று வாங்கும்போது முதல் வீட்டுச் சலுகை கிடைக்காமல் போகலாம். சேர்ந்துதான் எடுப்பீர்கள் என்றால், கடன் வாங்கியவர் இறந்தால் கடனை அடைக்கும் எம்ஆர்டிஏ காப்புறுதியில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். அண்ணன் பெயரில் மட்டும் காப்புறுதி இருந்து உங்களுக்கு ஏதாவது ஆனால், கடன் அடைபடாது.

"எங்கள் தோட்டம் கைமாறிவிட்டது. ஒருவர் ரப்பர் காட்டில் லாட் பிரித்து 60,000 வெள்ளிக்கு விற்கிறார். வீடு கட்டக் கடனும் அவரே ஏற்பாடு செய்வாராம். லயத்திலிருந்து வெளியேற வேண்டும், அவசரம்."

அவசரம் புரிகிறது. உங்கள் தாத்தா காலத்திலும் இதே அவசரம் இருந்தது. பெரிய தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற தோட்டத் துண்டாடல் நடந்தபோது, நம்மூர் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதே இதற்காகத்தான். நிலம் தொழிலாளி பெயரில் இருக்க வேண்டும் என்பதற்காக. அந்தப் 'பெயரில்' என்பதை இப்போது பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் லாட்டுக்குத் தனி கிராண்ட் (நில உரிமைப் பத்திரம்) உண்டா, அல்லது பெரிய நிலத்தில் ஒரு பங்கா? பங்கு என்றால் வங்கி அதைப் பெரும்பாலும் அடமானமாக எடுக்காது. கிராண்டில் நிலத்தின் வகை 'பெர்த்தானியான்' என்று இருந்தால் அது விவசாய நிலம், வீட்டுக் கடன் எதிர்பார்க்காதீர்கள். மலாய் ஒதுக்கீட்டு நிலம் என்றால் நம் பெயருக்கு மாறவே மாறாது. அவரே நான்கு வீட்டுக்கு மேல் கட்டி விற்கிறார் என்றால் வீடமைப்பு அமைச்சின் உரிமம் வேண்டும். உரிமம் பெற்ற மேம்பாட்டாளர் என்றாலும், விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்து ஆகும்வரை 'புக்கிங்' என்று ஒரு காசும் வாங்கக் கூடாது.

திங்கட்கிழமை காலையில் கோலாகங்சார் நில அலுவலகத்துக்குப் போங்கள். லாட் எண்ணைக் கொடுத்து 'ச்சாரியான் ரஸ்மி', அதாவது அதிகாரபூர்வ நிலப் பதிவுத் தேடல் வேண்டும் என்று கேளுங்கள். சின்னக் கட்டணம்தான். அந்தத் தாளில் உரிமையாளர் யார், நிலம் என்ன வகை, யாரிடமாவது அடமானத்தில் இருக்கிறதா என்று மூன்றும் தெரியும். விற்கிறவர் லாட் எண்ணையே தர மறுத்தால், அந்த அலுவலகத்துக்குக்கூடப் போக வேண்டியதில்லை.