வேலுக்கு ஏன் பாலாபிஷேகம்?

வணக்கம். லண்டனில் பிறந்து வளர்ந்த அக்காவின் மகன் இம்முறை யாழ்ப்பாணம் நல்லூர் முருகன் கோயில் திருவிழாவுக்கு வந்திருந்தான். மூலஸ்தானத்தில் இருப்பது வேல்தான் என்றதும், “அப்ப நீங்கள் கும்பிடுறது கடவுளையா, ஆயுதத்தையா?” என்று கேட்டான். அது வெறும் அடையாளம் என்று சொல்லிப் பார்த்தேன். “அடையாளத்துக்கு ஏன் பால் ஊத்துறீங்கள்?” என்றான். எனக்குப் பதில் வரவில்லை. நீங்கள் என்ன சொல்வீர்கள்?

— வாசகர், கொக்குவில்

அன்புள்ள நண்பருக்கு,

மருமகன் சரியான இடத்தில்தான் பிடித்திருக்கிறார். கல்லைக் கும்பிடுகிறவர்கள் என்ற ஏளனத்துக்குக் கூசி நாம் எடுத்துக்கொண்ட பதில்தான் ‘வெறும் அடையாளம்’ என்பது. அடையாளத்தை யாராவது விடியற்காலையில் துயில் எழுப்புவார்களா? நைவேத்தியம் படைத்து, இரவில் பள்ளியறைப் பூசை செய்வார்களா?

கும்பாபிஷேகத்தைக் கவனியுங்கள். திருப்பணி தொடங்கும்முன் பாலஸ்தாபனம் செய்வார்கள். மூலமூர்த்தியிலிருந்து இறைவனைக் கும்பத்தில் எழுந்தருளச் செய்து, பாலாலயம் என்ற தற்காலிகக் கோயிலில் வைத்துப் பூசை நடத்துவார்கள். பழைய விக்கிரகம் அதே இடத்தில் இருக்கும். வழிபாடு பாலாலயத்தில் நடக்கும். திருப்பணி முடிந்து, விக்கிரகத்தைப் பீடத்தோடு இறுக்கும் அஷ்டபந்தன மருந்து சாத்தியபின் எண்ணெய்க்காப்பு. வேறு நாளில் மூலஸ்தானத்துக்குள் கால் வைக்க முடியாத சனம் வரிசையில் நின்று, தன் கையாலேயே எண்ணெய் சாத்தும். பிறகு கும்பநீர் அபிஷேகம். கல்லே கடவுள் என்று நம்பியிருந்தால் இவ்வளவு கிரியைக்கு இடமேது? கல் வெறும் கல் என்று நினைத்திருந்தாலும் இதெல்லாம் தேவையில்லை. எங்கும் இருப்பவனை ‘இங்கே வந்திரு’ என்று அழைக்கிறோம். அழைத்த விருந்தாளியை வாசலில் நிற்கவைத்துப் பேசி அனுப்ப முடியுமா? நீராட்டி, உடுத்தி, உண்ணக் கொடுக்கிறோம். வீட்டில் சாணியில் பிடித்து அறுகம்புல் குத்திய பிள்ளையாரும் இப்படித்தான். பூசை முடியும்வரை பிள்ளையார். முடிந்ததும் வழியனுப்பிவிட்டு நீரில் விடுகிறோம்.

சரி, உருவம் எதுவாக இருக்க வேண்டும்? யாழ்ப்பாணத்துக் கோயில்கள் இதில் கொஞ்சம் தாராளமானவை. வல்லிபுரத்தில் ஆழ்வார் என்று அழைக்கப்படும் விஷ்ணு சக்கரமாக இருக்கிறார். செல்வச்சந்நிதி முருகன் கோயிலிலும் வேல்தான்; அங்கே மந்திரம்கூட இல்லை, பூசகர் வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிக்கொண்டு மௌனமாகப் பூசை செய்வார். நல்லூரின் நடைமுறை, கோயில் வழிபாட்டு விதிநூலான ஆகமத்துக்கு ஒத்ததல்ல என்று சைவ அறிஞர் ஆறுமுக நாவலரே கண்டித்தார். நாவலர்மேல் எனக்குப் பெருமதிப்பு உண்டு. ஆனாலும் இந்த விஷயத்தில் என் மனம் சனத்தின் பக்கம்தான். அந்த வேலின் முன்னே அழுதுவிட்டு ஆறுதலோடு வீடு திரும்பியவர்களை நான் அறிவேன்.

வேலிலும் இறைவனை ஏன் காண முடிகிறது என்று அப்பர் சொல்லிவிட்டார். விறகில் தீயும் பாலில் நெய்யும்போல இறைவன் மறைந்து நிற்கிறான், “உறவு கோல்நட்டு உணர்வு கயிற்றினால் முறுக வாங்கிக் கடைய முன்னிற்குமே.” அன்பைக் கோலாக நட்டு, உணர்வைக் கயிறாக்கிக் கடைந்தால் முன்னே வந்து நிற்பான். கடைகிறவரின் அன்பு இல்லாவிட்டால், எவ்வளவு இலட்சணமாக வடித்த சிலையானாலும் அவருக்கு அங்கே ஒன்றும் தெரியாது. ஆகவே உங்கள் மருமகனிடம் தயங்காமல் சொல்லலாம்: வேலில் முருகன் இருக்கிறார், அதனால்தான் பால். அடுத்த முறை அவர் வரும்போது எங்காவது எண்ணெய்க்காப்பு நடந்தால் கூட்டிப்போங்கள். தன் கையாலேயே சாத்தட்டும். மிச்சக் கேள்விகளைக் குருக்களிடமே கேட்கட்டும்.