மிக்ஸி, விசைத்தறி, ஆடிப் பண்டிகை: சத்தம் தாங்காத பிள்ளைக்கு வீட்டை எப்படி அமைப்பது?

கேள்வி: சேலம் அம்மாப்பேட்டையில் இரண்டு அறை கொண்ட வாடகை வீட்டில் வசிக்கிறோம். ஆட்டிசம் உள்ள எங்கள் ஆறு வயது மகன் மிக்ஸி ஓடினாலே காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறான். சுவருக்கு அந்தப் பக்கம் ஓடும் விசைத்தறியாலும் தவிக்கிறான். ஆனால் அவனே கட்டிலிலிருந்து ஓயாமல் குதிக்கிறான். அதிகச் செலவில்லாமல் என்ன செய்யலாம்? ஆடிப் பண்டிகையின்போது ஏற்காட்டிலுள்ள உறவினர் வீட்டில் தங்கலாமா?

பதில்: சத்தத்துக்கு அஞ்சும் பிள்ளை தடதடவென்று குதிப்பதில் முரண் ஏதுமில்லை. ஒரே பிள்ளைக்கு ஒரு புலன் அளவுக்கு மீறிக் கூசுவதும், இன்னொரு புலன் போதாமல் ஏங்குவதும் உண்டு. 2013-இல் வெளியான அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு இவ்விரண்டையுமே ஆட்டிசத்தின் அடையாளங்களில் சேர்த்திருக்கிறது. ஆயினும், காதைப் பொத்துவது அண்மையில்தான் தொடங்கியது என்றால், முதலில் காதில் சீழோ வலியோ இருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

மிக்ஸியைப் பொறுத்தவரை, சத்தத்தின் அளவைவிட அது எப்போது வெடிக்கும் என்று தெரியாததே பிள்ளையை அதிகம் வாட்டுகிறது. ஆகவே அரைக்கும் வேலையை நாளுக்கு ஒரே வேளையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் அதே சொற்களில் முன்கூட்டியே சொல்லி, அவன் விரும்பினால் சுவிட்சை அவனையே போடவும் அணைக்கவும் விடுங்கள்; தான் தொடங்கி தானே நிறுத்தும் சத்தத்தைப் பல பிள்ளைகள் வியக்கத்தக்க விதத்தில் பொறுத்துக்கொள்கிறார்கள். விரும்பாவிட்டால் அடுத்த அறையில் இருக்கட்டும், கட்டாயப்படுத்த வேண்டாம். மிக்ஸிக்கு அடியில் தடித்த ரப்பர் விரிப்பைப் போட்டு, சுவரை ஒட்டாமல் தள்ளி வைத்தால் அதிர்வும் குறையும்.

விசைத்தறிக்கு, கனமான திரைச்சீலை வாங்கலாமா என்று பலர் கேட்பதுண்டு. அது அறைக்குள் எதிரொலியைக் குறைக்குமே தவிர, வெளிச்சத்தத்தைப் பெரிதாகத் தடுக்காது. அந்தப் பணத்தில் கதவு, ஜன்னல் இடுக்குகளை ரப்பர் பட்டையால் அடைப்பது மேல். தறிப் பக்கத்துச் சுவரையொட்டித் துணி நிறைந்த பீரோவை நிறுத்தி, அவன் படுக்கையை எதிர்ப்புறம் மாற்றுங்கள். தறியின் அதிர்வு தரை வழியாகவும் வருவதால், பாயைவிடக் கால்களுக்கு அடியில் ரப்பர் வைத்த கட்டில் நல்லது. காதுக்கு மாட்டும் ஒலித்தடுப்பானைப் பட்டாசு, ஒலிபெருக்கி போன்ற வேளைகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்; நாள் முழுதும் மாட்டினால் காதின் கூச்சம் கூடக்கூடும்.

குதிப்பதைத் தடுக்காமல், அந்த ஏக்கத்துக்குத் தசையும் மூட்டும் உழைக்கும் வேலை கொடுங்கள்: பாதி நிரம்பிய குடத்தைத் தூக்குவது, அரிசிப் பையைத் தள்ளுவது, சப்பாத்தி மாவைப் பிசைவது. உறுதியான கொக்கி இருந்தால் சேலையில் தூளி கட்டலாம். மெதுவாக முன்னும் பின்னும் ஆட்டினால் அமைதி வரும், சுழற்றினால் துடிப்பு ஏறும் என்பதால் உறங்கும் முன் சுழற்ற வேண்டாம். உறக்கத்துக்கென்று உள்ளே கனம் சேர்த்துத் தைத்த, எடை கூட்டிய போர்வையை நான் பரிந்துரை செய்ய மாட்டேன். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் நடத்தி 2014-இல் வெளியான ஓர் ஆய்வில் அது உறக்கத்தை மேம்படுத்தவில்லை. சேலத்துச் சித்திரை வெயிலில் அதைப் போர்த்துவதும் இயலாது.

கட்டிலுக்கடியிலோ பீரோ ஓரத்திலோ சேலை மறைப்பிட்டு அவனுக்கென ஓரிடம் அமையுங்கள். அதைத் தண்டனைக்குரிய இடமாக ஒருபோதும் ஆக்காதீர்கள், அங்கிருந்து யாரும் அவனை இழுத்து வெளியேற்றவும் கூடாது.

ஏற்காட்டுக்குத் தாராளமாகச் செல்லலாம், ஆனால் அந்த வீட்டில் பண்டிகைக்கு எத்தனை உறவினர் கூடுவார்கள் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். சேலத்திலிருந்து ஏறும் வழியில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன; வீட்டில் குதித்தாடும் பிள்ளைக்கும் வண்டியில் தலைசுற்றல் வரலாம் என்பதால், குறைவாக உண்ணக் கொடுத்து, இடையில் இறங்கி நின்று செல்லுங்கள். அவன் தலையணையைத் துவைக்காமல், பழகிய வாசனையோடு எடுத்துச் செல்லுங்கள். வழக்கமான தட்டும் உடன் இருக்கட்டும். போய்ச் சேர்ந்தவுடன், விருந்தோம்பலுக்கு முன்பாக, அவன் ஒதுங்கும் மூலையைக் காட்டிவிடுங்கள். அந்த வீட்டு மிக்ஸிக்கும் இதே ஏற்பாட்டைச் சொல்லி வையுங்கள்.