அப்பா பெரியார் தொண்டர், அம்மா சமயபுரத்தாள் பக்தை: பிள்ளை குழம்பாதா?

"கணவருக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை, எனக்கு உண்டு. எங்கள் இருவருக்கும் நடுவில் வளரும் குழந்தை குழம்பிப் போகாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

குழம்பாது. அப்படி ஒரு வீட்டில் வளர்ந்தவள் என்பதால் அடித்துச் சொல்கிறேன். உங்களுக்குக் கைக்குழந்தை இருக்கிறது என்று நினைக்கிறேன். முதல் மொட்டை எந்தக் கோயிலில் என்ற பேச்சு வீட்டில் ஆரம்பித்திருக்கும். பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் இந்தக் கவலை வரும்.

என் அப்பா திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்தவர். திராவிடர் கழகத்துக்காரர். தினமும் 'விடுதலை' படிப்பார், கூட்டம் என்றால் கறுப்புச் சட்டைதான். அம்மா அவருக்கு அத்தை மகள். சமயபுரத்தாளைக் கேட்காமல் ஒரு காரியம் செய்யமாட்டார். அவர்கள் கல்யாணம் 1979-ல், ஐயர் இல்லாமல், ஓமம் இல்லாமல் நடந்தது. ஆனால் தாலி இல்லாமல் கழுத்தை நீட்ட மாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டார். அண்ணா ஆட்சியில் கொண்டுவந்து 1968-ல் நடைமுறைக்கு வந்த சுயமரியாதைத் திருமணச் சட்டப்படி மாலை மாற்றிக்கொண்டாலும் செல்லும், மோதிரம் போட்டாலும் செல்லும், தாலி கட்டினாலும் செல்லும். அதனால் அப்பா தாலி கட்டினார். கழகத் தோழர்கள் சிலருக்கு அதில் கடைசிவரை வருத்தம்.

மற்ற ஊர்களில் பக்தர்கள் அம்மனுக்காக விரதம் இருப்பார்கள். சமயபுரத்தில் அம்மனே மக்களுக்காக விரதம் இருக்கிறாள். மாசி கடைசி ஞாயிறு பூச்சொரிதலில் ஆரம்பித்து 28 நாள் பச்சைப் பட்டினி. இளநீர், பானகம், துள்ளுமாவு, நீர்மோர் இப்படித்தான் நைவேத்தியம். அந்த நாட்களில் அம்மா மஞ்சள் புடவைதான் கட்டுவார். அடுப்பில் கவிச்சி ஏறாது. அப்பாவின் கறுப்புச் சட்டை சாயம் போகும் என்பதால் அதற்குத் தனி வாளி, மஞ்சள் புடவைக்குத் தனி வாளி. இரண்டையும் துவைத்தது அம்மாதான். அப்பா அந்த மாதம் முழுக்க வீட்டில் கறி கேட்டதில்லை. ஆசைப்பட்டால் வெளியில் சாப்பிட்டுவிட்டு வாய் கொப்பளித்துவிட்டு வருவார்.

எனக்கு அம்மை போட்டது ஒரு பங்குனியில், மூன்றாம் வகுப்பு படிக்கும்போது. சின்னம்மைதான். எங்கள் பக்கம் அதை நோய் என்று சொல்லமாட்டார்கள், 'அம்மா வந்திருக்கா' என்பார்கள். வாசலில் வேப்பிலை செருகி, குழம்புக்குத் தாளிப்பதையும் நிறுத்திவிட்டார் அம்மா. டாக்டரிடம் போகக் கூடாது, மாத்திரை கூடாது. அப்பாவுக்கு இது கிருமியால் வருவது, அவ்வளவுதான். டாக்டரைப் பார்த்து நிலைமையைச் சொல்லி, காலமைன் லோஷனும் காய்ச்சல் மாத்திரையும் வாங்கி வந்துவிட்டார்.

அன்றைக்கு ராத்திரி காய்ச்சல் ஏறியது. அடுப்படியில் இருவரும் குரலை அடக்கிப் பேசிக்கொண்டது எனக்குக் கேட்டது. என்ன பேசினார்கள் என்று புரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அம்மா வந்து என் நெற்றியில் திருநீறு பூசி, மாத்திரையைப் பாதியாக உடைத்து, இளநீரில் கரைத்துத் தன் கையாலேயே கொடுத்தார். விடிந்ததும் அப்பா வேப்ப மரத்தில் ஏறிக் கொழுந்தாகப் பார்த்து ஒடித்துவந்து என் பாயில் பரப்பினார். உடம்பு அரித்தால் சொறியாமல் அந்தக் கொத்தால் தடவிக்கொள்ளச் சொன்னார். தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்று மஞ்சளும் வேப்பிலையும் போட்ட வெந்நீர் அண்டாவைத் தூக்கி வைத்ததும் அவர்தான்.

அந்த வாரம் பெரியம்மா வந்தார். வாசலில் நின்றபடியே, "சாமி இல்லன்னு ஊரெல்லாம் பேசிட்டுத் திரிஞ்சா இப்படித்தான் ஆத்தா கோவிச்சுக்குவா" என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, "நீ சொல்லு பாப்பா, உங்கப்பா பண்றது தப்புதானே?" என்றார். நான் வாயைத் திறக்குமுன் அம்மா குறுக்கே வந்துவிட்டார். "அக்கா, புள்ளகிட்ட கேக்காத. கேக்கணும்னா அவர்கிட்டயே கேளு." அப்பாவின் கொள்கையில் அம்மாவுக்கு ஒரு துளிகூட நம்பிக்கை கிடையாது. ஆனாலும் சொந்த அக்காவிடம் முகத்தை முறித்துக்கொண்டார். ரொம்ப நாள் அவர்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை.

நான் சொல்ல வந்தது இதுதான். வீட்டில் இரண்டு கருத்து இருப்பதால் பிள்ளை குழம்புவதில்லை. இரண்டில் எது சரி என்று பிள்ளையைச் சாட்சிக் கூண்டில் ஏற்றும்போதுதான் அது உடைந்து போகிறது. அப்பாவும் இதில் உறுதியாக இருந்தார். ஒரு கூட்டத்தில் தோழர் ஒருவர் என்னிடம், "நீ சாமி கும்பிடுவியாம்மா?" என்று கேட்டபோது, "அவ வளந்து முடிவு பண்ணிக்குவா தோழர்" என்று கையைப் பிடித்து அழைத்துவந்துவிட்டார்.

"உன் அப்பா சமரசம் செய்துகொண்டவர், உண்மையான பெரியார் தொண்டர் இல்லை" என்று சிலர் சொல்லலாம். பெரியாரே ஈரோட்டில் தேவஸ்தானக் கமிட்டித் தலைவராக இருந்து, கோயில் கணக்கை ஒழுங்காகப் பார்த்தவர். 'கடவுளை மற, மனிதனை நினை' என்று சொன்னவரும் அவர்தான். அம்மாவும் மனுஷிதானே என்பார் அப்பா. "உன் அம்மா பக்தை என்றால் மாத்திரை கொடுத்திருக்க மாட்டார்" என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. அவர்கள் அம்மாவைப் பார்த்ததில்லை. அம்மைக்கு டாக்டரைப் பார்க்க வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. கட்டாயம் பாருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசில் இருப்பதால். என் மகனைப் பள்ளியில் சேர்க்கப் போனபோது விண்ணப்பத்தில் சாதி, மதம் இரண்டையும் எழுதாமல் விட்டேன். அலுவலக ஊழியர் "இது காலியா இருந்தா கம்ப்யூட்டர் ஏத்துக்காது" என்று திருப்பித் திருப்பி அனுப்பினார். விருப்பமில்லாத பெற்றோர் அதை எழுத வேண்டாம் என்று தமிழ்நாட்டில் 1973-லேயே அரசாணை இருக்கிறது. அதைப் பிரதி எடுத்துக்கொண்டு போய்க் காட்டினால், "இதெல்லாம் எங்களுக்கு வரலை" என்கிறார். 2019-ல் திருப்பத்தூரில் ஒரு பெண் வழக்கறிஞர் 'சாதி மதம் அற்றவர்' என்று தாசில்தாரிடம் சான்றிதழே வாங்கினார். அவ்வளவு போராடினால்தான் ஒரு கட்டத்தைக் காலியாக விட முடியுமா? எங்கள் வீட்டில் இவ்வளவு பெரிய வித்தியாசத்தைச் சத்தமில்லாமல் சமாளித்தார்கள், ஒரு விண்ணப்பப் படிவத்தால் முடியவில்லை.

அப்பா இறந்தபோது அவர் விருப்பப்படி உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்தோம். ஒப்புதல் கையெழுத்து அம்மா போட்டார். கருமாதி செய்யவில்லை. "புருஷனை அனாதையா அனுப்பிட்டா" என்று சொந்தக்காரர்கள் பேசியதையும் தாங்கிக்கொண்டார். எனக்கு என் அம்மாவின் பக்தியில் பெருமை வந்தது அன்றைக்குத்தான்.

உங்களுக்கு வருகிறேன். மொட்டை, காதுகுத்து, பெயர் வைப்பது, இவற்றை நீங்கள் இருவரும் மட்டும் உட்கார்ந்து இப்போதே பேசி முடித்துவிடுங்கள். ஒருவர் விட்டுக்கொடுத்தால் அதைப் பின்னால் சொல்லிக்காட்டக் கூடாது. உங்கள் கணவர் கோயில் வாசல் வரை வந்தால் போதும், உள்ளே இழுக்காதீர்கள். அவரும் நீங்கள் விளக்கேற்றும்போது குழந்தையைப் பார்த்துக் கண்ணடிக்கக் கூடாது. மாமியாரோ மச்சினரோ "அப்பா கட்சியா, அம்மா கட்சியா" என்று குழந்தையைக் கேட்டால், யார் பக்கத்துச் சொந்தமோ அவரே அங்கேயே தடுத்துவிட வேண்டும். எங்கள் வீட்டில் பெரியம்மாவை அப்பா தடுத்திருந்தால் அது சண்டையாகியிருக்கும்.