பக்கவாதம் வந்தவருக்கு ரத்த அழுத்தம் 190 இருந்தும் மருத்துவர்கள் ஏன் உடனே குறைப்பதில்லை?

மூளை தனக்குப் போகும் ரத்தத்தைத் தானே சீராக வைத்துக்கொள்ளும் என்கிறார்களே, பிறகு அடைப்பினால் பக்கவாதம் வந்த அம்மாவுக்கு 190 காட்டும்போது மருந்து தராமல் ஏன் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். வார்டு வாசலில் உட்கார்ந்து அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. அதே எண்ணைப் பார்த்துப் பயந்து ஒரு தவறு செய்தவன்.

அப்பாவுக்கு வந்தது ஒரு காலை நேரத்தில். வலது கை தளர்ந்தது, வாய் சற்றுக் கோணியது. ஆனாலும் கையைத் தோள்வரை தூக்கினார், பேச்சும் குழறலாக வந்தது. வீட்டில் இருந்த கருவியில் 204/108 காட்டியது. அந்த எண்ணைக் குறைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் எனக்குத் தோன்றியது. எப்போதோ வாங்கி வைத்திருந்த, அழுத்தத்தைச் சட்டென்று இறக்கும் நிஃபெடிபின் கேப்ஸ்யூல் ஒன்றைக் கிழித்து அவர் நாக்கின் அடியில் வைத்தேன். அப்படிச் செய்வது ஒரு காலத்தில் சர்வசாதாரணம். மருத்துவமனை வாசலை அடைவதற்குள் அவர் கை துணிபோலத் தொங்கிவிட்டது, பேச்சு அடியோடு நின்றுவிட்டது. அங்கே அளந்தபோது 126/70.

“வழியில் ஏதாவது மருந்து கொடுத்தீர்களா?” என்று மருத்துவர் கேட்டார். இல்லை என்றேன். பொய். சில நிமிடங்கள் கழித்து அவர் பின்னாலேயே ஓடிப்போய் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. படுக்கையின் தலைப்பக்கத்தைத் தாழ்த்தி, சலைன் ஏற்றச் சொன்னார். அழுத்தம் மெல்ல 170-க்கு ஏறியபோது அப்பாவின் விரல்கள் அசைந்தன. கேப்ஸ்யூல்தான் காரணம் என்று எப்படிச் சொல்வாய், பக்கவாதம் தானாகவே ஏறி இறங்குமே என்று யாராவது கேட்பீர்கள். கேளுங்கள், அதை என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் எண் இறங்கியபோது கை விழுந்ததையும், ஏறியபோது விரல் அசைந்ததையும் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான்.

அன்று இரவு அந்த மருத்துவர் எனக்கு விளக்கியதையும் பின்னர் நான் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். உடல் எடையில் 2 சதவீதம்தான் மூளை, ஆனால் உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் 20 சதவீதம் அதற்கே போகிறது. சேமிப்பு என்று எதுவும் இல்லை. அதனால் அழுத்தம் இறங்கினால் மூளையின் நுண்தமனிகள் விரிகின்றன, ஏறினால் சுருங்குகின்றன, ஓட்டம் ஏறக்குறைய மாறாமல் நிற்கிறது. சராசரி அழுத்தம் (கருவியில் காட்டும் மேல் எண் அல்ல, மேலும் கீழும் சேர்ந்த சராசரி) 60 முதல் 150 வரை இது நடக்கும் என்று 1959-இல் டென்மார்க்கின் நீல்ஸ் லாசன் காட்டினார். அந்த எல்லை எல்லோருக்கும் ஒன்றுபோல் இருக்காது என்பது பின்னர் தெரியவந்தது. பல ஆண்டுகள் ரத்தக்கொதிப்பு இருந்தவர்களுக்கு அது மேல்நோக்கி நகர்ந்துவிடுகிறது. மற்றவருக்குச் சாதாரணமான அழுத்தம்கூட அவர்கள் மூளைக்குப் போதாமல் போகலாம். அப்பா இருபது ஆண்டுகளாக மாத்திரை சாப்பிட்டவர்.

அடைப்புக்கு அப்பால் இருக்கும் பகுதியை நினைத்துப் பாருங்கள். அங்கே குழாய்கள் ஏற்கெனவே முடிந்த மட்டும் விரிந்துவிட்டன, இனி விரிய இடமில்லை. பக்கத்துக் கிளைகள் வழியாகக் கொஞ்சம் ரத்தம் சுற்றி வருகிறது. அதைத் தள்ளிக்கொண்டு வருவது உடலின் அழுத்தம் மட்டுமே. நலமான மூளையில் 100 கிராமுக்கு நிமிடத்துக்கு 50 மில்லி ஓடுகிறது. ஏறக்குறைய 20-க்குக் கீழே போனால் செல்கள் வேலையை நிறுத்துகின்றன, 10-க்கும் கீழே போனால் சீக்கிரமே இறக்கின்றன. இடைப்பட்ட பகுதி செயலற்றுக் கிடக்கிறது, ஆனால் உயிரோடு இருக்கிறது. கிரகணத்தில் சொல்லும் புறநிழல் என்ற பெயரையே இதற்கு வைத்திருக்கிறார்கள். உங்கள் மருத்துவர் காப்பாற்றப் பார்ப்பது அந்தப் புறநிழலைத்தான். அடைப்பைக் கரைக்கும் ஊசி போடாதவர்களுக்கு 220/120-ஐத் தாண்டாதவரை பொறுத்திருப்பது பொதுவான வழக்கம். ஊசி போடுவதென்றால் 185/110-க்குக் கீழே கொண்டுவந்தாக வேண்டும். ஆக, அவர்கள் சும்மா நிற்கவில்லை.

இதைப் படித்துவிட்டு, ரத்தக்கொதிப்பு நல்லது என்று சொல்கிறான் என எழுத வேண்டாம். அந்த அடைப்பைக் கொண்டுவந்ததே பெரும்பாலும் அந்தக் கொதிப்புதான். மூளைக்குள் ரத்தம் கசிந்து வரும் பக்கவாதத்தில் அழுத்தத்தைக் குறைக்கவே செய்கிறார்கள். இரண்டில் எது என்பது ஸ்கேன் எடுக்கும்வரை மருத்துவருக்கே தெரியாது, வீட்டில் நமக்கு எப்படித் தெரியும்? போதாததற்கு, விழுங்கும் திறன் போயிருந்தால் வாயில் கொடுப்பது எதுவும் மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், மன்னியுங்கள். அப்பா படுத்திருந்த மூன்றாம் நாள் விடுப்பு கேட்டு அலுவலகத்துக்குத் தொலைபேசினேன். “பக்கவாதம்தானே, உயிருக்கு ஆபத்தில்லையே” என்றார் மேலாளர். தந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயைத் துடைத்துவிட்டு, கையைப் பிடித்து விரல்களை ஒவ்வொன்றாக நீட்டிவிடுவது எந்தப் படிவத்திலும் வேலையாகக் கணக்கில் வரவில்லை. ஆறு நாள் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டார்கள். இன்றும் அந்தக் கோபம் ஆறவில்லை.

உங்கள் அம்மாவின் வழக்கமான அழுத்தத்தை எழுதிவைத்த நோட்டு வீட்டில் இருந்தால் எடுத்துவரச் சொல்லுங்கள். எத்தனை ஆண்டுகளாக மாத்திரை, கடைசியாக எப்போது சாப்பிட்டார், கடைசியாக எத்தனை மணிக்கு நலமாக இருந்தார் என்பதையும் இரவுப் பணி மருத்துவரிடம் சொல்லுங்கள். வழியில் ஏதாவது கொடுத்திருந்தால் அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள்.